குளியலறைச் சுவரில் பட்டாணிக் குருவி

1959

மார்ச் 3, செவ்வாய்

காலையிலேயே வெயில். அருவியில் தண்ணீர் நூலாக வடிகிறதாம், பால் கொண்டுவந்த இசக்கி சொன்னாள். குற்றாலத்தில் குடியிருந்துகொண்டு அருவியைப் பிறத்தியார் வாயால் கேட்கிறேன். என் தலையெழுத்து.

படுக்கை: ஒன்பதாம் நாள். டாக்டரம்மா கண்டிப்பு: குனியக் கூடாது, எக்கக் கூடாது, தூக்கக் கூடாது. நடந்தால் கட்டிலுக்கும் கொல்லைக்கும் மட்டும். சிரிக்கலாமா என்று கேட்க மறந்துவிட்டேன்.

ஆறு முடிந்து ஏழாம் மாதம். முதலாவது ஐந்தில் போயிற்று. இரண்டாவது ஏழில் பிறந்து ஒரு பகல் இருந்தது. இது மூன்றாவது. எட்டு நடுவைத் தாண்டிவிட்டால் பயம் குறையும் என்கிறார் டாக்டரம்மா. தாண்ட வேண்டும்.

நோட்டு இவர் கொடுத்தது. தென்காசிப் பள்ளிக்கூடத்தில் சயின்ஸ் வாத்தியார் பெண்டாட்டிக்குக் கோடு போட்ட நோட்டுக்குப் பஞ்சமில்லை. படிக்க மாட்டேன் என்று தலையில் அடித்துச் சத்தியம் செய்திருக்கிறார். எதற்கும் தலையணை உறைக்குள் வைக்கிறேன்.

ஜன்னல் வழியே தெரிவது: கிணறு, துவைகல், முருங்கை, குளியலறைச் சுவர். சுவரில் உயரத்தில் ஓர் ஓட்டை. வீடு கட்டும்போது சாரக்கம்பு செருகிய இடம், கொத்தனார் அடைக்காமல் போனது. இன்று ஒரு குருவி அதற்குள் தலையை விட்டுப் பார்த்தது. வெளியே வந்தது. திரும்பவும் போனது. வாடகைக்கு வீடு பார்க்கிறவர்கள் மாதிரி ஏழெட்டுத் தடவை. தலை கறுப்பு, கன்னம் பளிச்சென்று வெள்ளை, முதுகு சாம்பல். நெஞ்சில் மேலிருந்து கீழாக ஒரு கறுப்புப் பட்டை, இன்ஸ்பெக்ஷன் நாளில் இவர் டை கட்டின மாதிரி.

மார்ச் 6, வெள்ளி

இசக்கியிடம் கேட்டேன். "அது பட்டாணிக் குருவில்லா! எங்க மாமனார் வீட்டுச் சுவத்துலயும் கூடு வச்சிருந்துச்சே. பொந்து கெடச்சா விடாது." இவருக்குப் பெயர் தெரியவில்லை. ஆக்சிஜன் ஹைட்ரஜன் எல்லாம் தெரியும்.

கிணற்றுக்குள் சுவரில் படர்ந்த பாசியைப் பிய்த்துப் பிய்த்துக் கொண்டுபோகிறது. ஒன்றுதான் சுமக்கிறது. மற்றது முருங்கையில் உட்கார்ந்து பாடுகிறது. எந்த வீட்டிலும் இதுதான் வழக்கம் போல.

தலை வாரிய சிக்கு முடியை ஜன்னலுக்கு வெளியே போட்டேன். அத்தை பார்த்தால் திட்டுவாள். கண் மூடித் திறப்பதற்குள் குருவி வந்து அள்ளிக்கொண்டு போயிற்று. நாள் முழுக்கச் சந்தோஷம். ஏன் என்று தெரியவில்லை.

மார்ச் 14, சனி

இரண்டு நாளாக ஒன்றுதான் வெளியே தெரிகிறது. மற்றது அடை கிடக்கிறது. ஆண் புழுவோடு வந்து ஓட்டை வாசலில் சின்னதாகக் கூப்பிட, உள்ளேயிருந்து கறுப்புத் தலை மட்டும் வெளியே வந்து வாங்கிக்கொள்ளும்.

அதுவும் படுக்கை, நானும் படுக்கை. அதற்கு மாமியார் இல்லை.

அப்படி எழுதக் கூடாது. அத்தை பாவம், மூன்று வேளையும் எனக்குக் கஞ்சி, ரசம், வெந்நீர். வாய் மட்டும் கூட. "ஏட்டி கோமு, அங்கன என்னத்தப் பாக்க? கண்ண மூடிக் கெட, பிள்ளைக்கி நல்லது."

பிள்ளை இன்று நிறைய அசைந்தது. மத்தியானம் ஒரு உதை. இவர் கையை வைத்துவிட்டு, சுட்டது போல எடுத்துக்கொண்டார். பிறகு தெருப்பக்கம் போய் வெகுநேரம் நின்றார். போன தடவையும் இந்த மாதத்தில் இப்படித்தான் உதைத்தது.

மார்ச் 28, சனி

குஞ்சு பொரித்துவிட்டது! இரண்டும் மாறி மாறிப் பச்சைப் புழு. எட்டு மணியிலிருந்து ஒன்பது வரை எண்ணினேன், பதினொன்று. பிறகு அத்தை வந்து ஜன்னலைச் சாத்திவிட்டாள், அனல் அடிக்கிறதாம்.

எனக்கு எட்டாம் மாதம் பிறந்தது. யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. அத்தை மட்டும் ரசத்தோடு ஒரு அப்பளம் கூடப் பொரித்தாள்.

ஏப்ரல் 1, புதன்

ரகளை.

காக்கை சோப்பைத் தூக்கிக்கொண்டு போகிறது என்று, அத்தை துவைகல்லில் ஏறி மிச்ச சோப்பை அந்த ஓட்டையில் வைக்கப் போயிருக்கிறாள். உள்ளேயிருந்து புஸ்ஸென்று ஒரு சீறல். எனக்கே கேட்டது. அத்தை சோப்பைப் போட்டுவிட்டு இறங்கி ஓடி வந்தாள். "பாம்புட்டி! நல்ல பாம்பு! என் கையில போட்டிருக்கும், குலசாமி காப்பாத்துச்சு!"

நான்: "அத்தை, அது குருவி. குஞ்சு இருக்கு உள்ள."

"குருவி சீறுமாட்டி? ஒனக்குப் படுத்துப் படுத்துப் புத்தி பெசகிப்போச்சா?"

எனக்கும் குருவி சீறும் என்று தெரியாது. ஆனால் அரைமணி முன்னால்தான் பெண்குருவி உள்ளே போனது. பாம்பு இருந்தால் போகுமா?

இவர் சாயங்காலம் வந்து ஒரு குச்சியை விட்டுப் பார்த்தார். புஸ்ஸ். முகம் செத்துப்போயிற்று. சட்டென்று இறங்கி, கை காலைக் கழுவிக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார். "கோமு, கட்டிலுக்கும் அந்தச் சொவருக்கும் எத்தன அடி இருக்கும்?"

ஏப்ரல் 2, வியாழன்

அம்மாவுக்கும் பிள்ளைக்கும் வழக்கு. நான் சாட்சி, ஆனால் சாட்சியை யாரும் விசாரிப்பதில்லை.

அத்தை கட்சி: பிள்ளைத்தாய்ச்சி இருக்கிற வீட்டில் புருஷன்காரன் பாம்பு அடிக்கக் கூடாது, பொந்தை அடைக்கக் கூடாது. உயிர் உள்ள பொந்தை அடைத்தால் வயிற்றில் இருக்கிறது வழி தெரியாமல் திணறும். முட்டையும் பாலும் வைத்தால் அது பாட்டுக்குப் போய்விடும்.

இவர் கட்சி: மூடநம்பிக்கை. பாம்பு பால் குடிக்காது. ஜன்னலுக்கும் ஓட்டைக்கும் எட்டு அடிகூட இல்லை. நகர முடியாதவள் இங்கே கிடக்கிறாள். ஓட்டையை அடைத்தால் கதை முடிந்தது.

"படிச்சவன் பாட்டக் கெடுத்தான்" என்று அத்தை அடுக்களைக்குள் போனாள்.

என் கட்சி: குருவி. சொன்னேன், மூன்று தடவை சொன்னேன். புழுவோடு போவதைக் காட்டுகிறேன், வந்து உட்காருங்கள் என்றேன். பரீட்சைத் தாள் கிடக்கிறதாம். "நீ சொல்லுறது சரிதான் கோமு, மனச அலட்டிக்காத" என்றார். காய்ச்சல்காரியிடம் பேசுகிற குரல். அந்தக் குரலைக் கேட்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

ஏப்ரல் 4, சனி. மாலை.

நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன்.

மத்தியானம் மாத்திரை போட்டுத் தூங்கிவிட்டேன். முழிக்கும்போது இரண்டு மணி. சுவரில் ஓட்டையைக் காணோம். அந்த இடத்தில் ஈரச் சுண்ணாம்பு. அரைநாள் பள்ளிக்கூடம் முடிந்து வந்து, அத்தை அசந்த நேரத்தில் செங்கல் துண்டை வைத்துப் பூசியிருக்கிறார்.

ஆண்குருவி வாயில் புழுவோடு சுவரில் ஒட்டிக்கொண்டு நின்றது. பறந்து முருங்கைக்கு. திரும்பச் சுவருக்கு. சத்தம் போடவில்லை, வாயில் புழு இருந்ததே.

கத்தினேன். "திறங்க! அதுக உள்ள இருக்கு!" இவர், "பாம்பு உள்ள இருக்கு. இப்பத் தெறந்தா கோவத்துல வரும்" என்றார். அத்தை நெஞ்சில் அடித்துக்கொண்டாள். "அடச்சது ஒரு பாவம். தெறந்து அது வெளிய வந்தா அதவிட வெனை. ஏலே சண்முகம், ஒனக்கு ஏம்லே இப்படிப் புத்தி போச்சு?" செய்த பாவத்துக்கு விளக்குப் போட வேண்டும் என்று அந்த வெயிலிலேயே கோயிலுக்குக் கிளம்பினாள். இவர் எனக்கு மருந்து தீர்ந்துவிட்டதென்று நான்கு மணி பஸ்ஸுக்குத் தென்காசி போனார். "ஒரு மணி நேரம். எந்திரிக்காத" என்றார்.

எழுந்தேன்.

யோசிக்காமல் எழுந்தேன் என்று எழுதினால் பொய். நன்றாக யோசித்தேன். வயிற்றில் இருப்பது ஒன்று. சுவரில் இருப்பது நாலோ அஞ்சோ, யாருடையதோ. எக்கக் கூடாது என்று டாக்டரம்மா சொன்னதும் காதில் இருக்கிறது. அந்த ஆண்குருவி மறுபடியும் புழுவோடு வந்து சுவரில் ஒட்டிற்று. அதற்கு மேல் படுத்திருக்க என்னால் முடியவில்லை. அவ்வளவுதான்.

தோசைத்திருப்பியை எடுத்துக்கொண்டு துவைகல்லில் ஏறினேன். பூச்சு காயவில்லை, சுரண்டச் சுரண்ட வந்தது. செங்கல் துண்டு அசைந்தது. இழுத்தேன்.

புஸ்ஸ்ஸ்.

முகத்துக்கு நேரே. ஒரு மாதமாகப் பார்த்த என் குருவி, என் தலைமுடி கிடக்கிற கூடு, எல்லாம் மறந்துபோயிற்று. பாம்பேதான். பின்னால் சாய்ந்து அங்கிருந்து விழுந்திருப்பேன். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று இவரை மனசுக்குள் சொல்லிக்கொண்டிருந்தேனே, என் கண் மட்டும் என்ன வாழ்ந்தது? சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றேன்.

பெண்குருவி வெளியே வந்தது. சிறகெல்லாம் சுண்ணாம்பு. என் காதை உரசிக்கொண்டு முருங்கைக்குப் போய், அங்கிருந்து வேலி தாண்டிப் போய்விட்டது. உள்ளே ஈனசுரத்தில் குஞ்சுகள் சத்தம்.

செங்கல் துண்டைக் கிணற்றில் போட்டேன். தோசைத்திருப்பியைக் கழுவினேன். படுத்தேன். அடிவயிற்றில் ஒரு இழுப்பு. இப்போதும் இருக்கிறது.

ஏப்ரல் 5, ஞாயிறு

இழுப்பு நின்றுவிட்டது என்று நினைத்தேன். விடிகாலை சேலையில் ஒரு கறை. நகக்கண் அளவு. யாரிடமும் சொல்லவில்லை.

எட்டு மணிக்கு இவர் பல் விளக்கப் போய் ஓட்டையைப் பார்த்துவிட்டார். "அம்மா! பூச்சைத் தள்ளிக்கிட்டு வெளிய வந்திருக்கு! எவ்வளவு பெரிய பாம்பா இருக்கணும்!" சயின்ஸ் வாத்தியார். அவ்வளவு பயத்திலும் எனக்குச் சிரிப்பு வந்தது.

சிரிப்பு நிலைக்கவில்லை. கட்டிலுக்கு அடியில் தடி விட்டுத் துழாவினார். பெட்டியை இறக்கினார். இனி இந்த வீட்டில் ஒரு நிமிஷம் வேண்டாம், பத்து மணி பஸ்ஸில் சுரண்டைக்கு, அண்ணன் வீட்டுக்கு என்றார். அந்தச் சாலையில், அந்தக் குலுக்கலில், இந்தக் கறையோடு. வேறு வழி இல்லை. சொன்னேன். எழுந்தது, ஏறினது, சுரண்டினது, கறை. எல்லாம்.

இவர் பெட்டியின் மேல் உட்கார்ந்துவிட்டார். சத்தம் போடாமல் கேட்டார்: "ரெண்டு பிள்ளையப் பறிகுடுத்தவ செய்யுத காரியமா கோமு இது?"

அடித்திருக்கலாம்.

டாக்டரம்மா ஜட்கா வைத்துக்கொண்டு வந்தார். மரக்குழலை வயிற்றில் வைத்துக் கேட்டார். துடிப்பு இருக்கிறது. ஊசி. இனிக் கொல்லைக்கும் போகக் கூடாது. "கறை பட்டாலும் சரி, அசைவு கொறஞ்சாலும் சரி, அந்த நிமிஷமே ஆள் அனுப்பணும். வெக்கப்பட்டுக்கிட்டு இருக்கப்படாது, என்ன?" திரும்ப வருவது திங்கள் 13.

கட்டிலைத் தெருப்பக்கத்து அறைக்கு மாற்றினார்கள். இங்கே ஜன்னலில் தெரிவது சாலை, ஒரு பெட்டிக்கடை, ஐந்தருவிக்குப் போகிற மாட்டுவண்டி. சுவர் தெரியாது.

ஏப்ரல் 7, செவ்வாய்

இரண்டு நாளாக இவர் பேச்சில்லை. சாப்பாடு கொண்டுவந்து வைப்பார், கிண்ணத்தை எடுத்துப் போவார்.

இன்று காலை கட்டில் காலடியில் வந்து உட்கார்ந்தார். அறைச் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "நான் பாத்தேன் கோமு. சனிக்கிழமை. பூசப் போற நேரத்துல அந்தக் குருவி உள்ள போச்சு. கண்ணால பாத்தேன்."

"பிறகு?"

"கலவையக் கொழச்சு வச்சாச்சு. உன் மூஞ்சிதான் நெனப்புல இருந்துச்சு, போன தடவ அந்த ஆஸ்பத்திரியில இருந்த மூஞ்சி. குருவின்னா குருவி, பாம்புன்னா பாம்பு, எதுவா இருந்தாலும் அடச்சிருவோம்னு அடச்சிட்டேன்."

அழுதார். கல்யாணமாகி எட்டு வருஷத்தில் இவர் அழுது நான் பார்த்தது இரண்டு தடவை. இது மூன்றாவது.

எனக்குக் கோபம்தான் வந்தது. அப்புறம் போயிற்று. அப்புறம் திரும்ப வந்தது. கடைசியில், "குஞ்சுக என்ன ஆச்சுன்னு பாத்தீங்களா?" என்று கேட்டேன். எழுந்து போனார். கொஞ்ச நேரத்தில் வந்து, "இருக்கு. சத்தம் கேக்குது. ஆண்குருவி வந்து போகுது" என்றார்.

"பெண்?"

"அதத்தான் காணோம்."

ஏப்ரல் 8, புதன்

இவரிடம் சொல்லி வைத்திருக்கிறேன்: பள்ளிக்கூடம் போகுமுன் அரைமணி, வந்த பிறகு அரைமணி, துவைகல்லில் உட்கார்ந்து எண்ண வேண்டும். புழு எத்தனை, பூச்சி எத்தனை, பெண் வந்ததா. விஞ்ஞானி அல்லவா, குறித்து எழுதித் தர வேண்டும். தலையாட்டினார்.

முதல் சீட்டு இதோ, சோற்றுப் பருக்கையால் ஒட்டியிருக்கிறேன்:

"காலை 7 – 7.30. ஆண், 6 தடவை. பச்சைப் புழு 4, தெரியாதது 2. பெண் இல்லை. மாலை 5 – 5.30. ஆண், 4."

அத்தை: "வாத்தியாரு குருவிக்கி ஆஜர் எடுக்காரு." முதல் தடவையாக வீட்டில் எல்லோரும் கொஞ்சம் சிரித்தோம்.

கறை இல்லை. அசைவு உண்டு, காலையில் மூன்று, விளக்கு வைத்த பிறகு ஐந்தாறு.

ஏப்ரல் 9, வியாழன்

மேகம் கூடியது, மழை இல்லை. புழுக்கம்.

சீட்டு: "பெண் திரும்பி வந்துவிட்டது! இரண்டும் சேர்ந்து 13 தடவை." கையில் கொடுக்காமல் வாசித்தே காட்டினார். பெண் வந்துவிட்டது! அத்தையைக் கூப்பிட்டுச் சொன்னேன். அத்தை, "ம்" என்றாள். மாவு ஆட்டிக்கொண்டிருந்தாள், திரும்பிப் பார்க்கவில்லை.

இன்று கொஞ்சம் சோறு கூடச் சாப்பிட்டேன். இவரை மன்னித்துவிட்டேனா என்று யோசித்துப் பார்த்தேன். பாதி.

ஏப்ரல் 10, வெள்ளி

18 தடவை. குஞ்சுகளுக்கு இறகு முளைத்துவிட்டதாம், டார்ச் அடித்துப் பார்த்தாராம். நாலு குஞ்சு. கன்னம் வெள்ளையா, மஞ்சளா என்று கேட்டேன். யோசித்து, "வெள்ளை" என்றார்.

விளக்கு வைத்த நேரத்தில் பிள்ளை ஒரு தடவை புரண்டது. பெரிய புரளல். அப்புறம் தூங்கிவிட்டது போல.

ஏப்ரல் 11, சனி

காலையில் இசக்கி பாலை ஊற்றிவிட்டு, அத்தை உள்ளே போனதும் கட்டில் பக்கம் வந்தாள். தண்ணீர் வேண்டுமா என்று கேட்டாள். நான்தான் பேச்சுக் கொடுத்தேன். "இசக்கி, பின்னால போனியா? குஞ்சு சத்தம் கேட்டுச்சா?"

அவள் முழித்தாள். "எந்தக் குஞ்சு?"

"பட்டாணிக் குருவிக் குஞ்சுட்டி."

"அது செத்து மூணு நாளாச்சே யம்மா. புதன்கெழமை ராத்திரியே போயிருக்கும். தாய் வந்து அணைக்கலல்லா. வியாழக்கெழமை விடியக்காலம் சொவரு பூரா எறும்பு. ஐயாதான் ஒண்ணொண்ணா எடுத்து முருங்க மூட்டுல பொதச்சாவ." சொல்லிவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். "ஐயோ, ஒங்ககிட்ட சொல்லப்படாதுன்னாவளே. நான் சொன்னேன்னு சொல்லிராதீங்க, ஒங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

சொல்ல மாட்டேன் என்றேன். செம்பை எடுத்துக்கொண்டு ஓடிவிட்டாள்.

வியாழன் விடிகாலை. பெண் திரும்பி வந்தது என்று இவர் வாசித்தது வியாழன் சாயங்காலம். பதின்மூன்று. பதினெட்டு. டார்ச்.

மத்தியானம் வரை கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன். கோபம் வரும் என்று காத்திருந்தேன், வரவில்லை. குஞ்சுகளுக்காகக்கூட அழ முடியவில்லை. ஏனென்றால் எனக்கு வேறு கணக்கு ஓடிக்கொண்டிருக்கிறது. நேற்று விளக்கு வைத்த நேரத்துப் புரளலுக்குப் பிறகு ஒன்றும் இல்லை. காலையில் இல்லை. குளிர்ந்த தண்ணீர் குடித்துப் பார்த்தேன், இல்லை. இடது பக்கம் படுத்துப் பார்த்தேன், வலது பக்கம் படுத்துப் பார்த்தேன். விரலால் தட்டினேன். கூப்பிட்டேன்கூட, வாய்விட்டு.

ஆள் அனுப்ப வேண்டும். தெரியும். சொல்லிவிட்டால் அது நிஜமாகிவிடும். இன்னும் ஒரு மணி நேரம் பார்ப்போம் என்று காலையிலிருந்து எட்டுத் தடவை நினைத்துவிட்டேன்.

பரீட்சை நேரம், சனிக்கிழமையும் முழுநாள் பள்ளிக்கூடம்; ஐந்தரை மணிக்கு இவர் சீட்டோடு வந்தார். சட்டையில் சாக்பீஸ் தூள். கட்டிலில் உட்கார்ந்து வாசித்தார். "இன்னைக்கு இருவத்தாறு தடவ. ஒரு குஞ்சு ஓட்டை வாசல் வரைக்கும் வந்து எட்டிப் பாத்துச்சு கோமு. என்னையப் பாத்ததும் உள்ள போயிருச்சு."

"நாளைக்குப் பறந்துருமோ?"

"நாளைக்கு வேண்டாம். ரெண்டு நாள் ஆகும்னு வச்சுக்கோயேன்."

முகத்தைப் பார்த்தேன். கண் உள்ளே போய், இரண்டு நாள் தாடியோடு. தூங்கியே மூன்று நாள் இருக்கும். சீட்டை மடித்து என் நோட்டின் மேல் வைத்தார்.

"இவன் எப்படி இருக்கான்? அசையுதானா?"

"அசையுதான்" என்றேன். "மத்தியானம் பூரா ஒரே ஆட்டம்."

சிரித்துக்கொண்டே கையை வைத்துப் பார்க்கக் குனிந்தார். கையைப் பிடித்துக்கொண்டேன். இப்போதுதான் தூங்கினான், எழுப்ப வேண்டாம் என்றேன்.